தொடையில் கட்டிய பட்டை, மூளையில் கிடைத்த விடை

1959இல் டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் லாசன் வரைந்த ஒரு கோடு இன்றும் உடலியங்கியல் பாடநூல்களில் இருக்கிறது. ரத்த அழுத்தம் ஏறத்தாழ 60இலிருந்து 150 மில்லிமீட்டர் பாதரசம் வரை கூடினாலும் மூளைக்குப் போகும் ரத்தத்தின் அளவு மாறுவதில்லை என்கிறது அந்தத் தட்டைக் கோடு. உண்மையில் அது எந்தத் தனி மனிதரின் கோடும் அல்ல. 7 ஆய்வுகளில் இடம்பெற்ற 376 பேரை 11 குழுக்களாகக் கொண்டு, குழுவுக்கு ஒரு சராசரிப் புள்ளி வைத்து இணைத்தது அது. பக்கவாத நோயாளியிடம் மூளை ரத்த ஓட்டத்தின் சீராக்கத்தை அளக்கும் முயற்சிகளின் வரலாறு, பெரும்பாலும் இந்தக் கோட்டோடு நடந்த மல்லுக்கட்டுதான்.

லாசனுக்கு முன்பு, அப்படியொரு சீராக்கம் உண்டா என்பதே வழக்காக இருந்தது. மூளை தன் தேவைக்கேற்ப ரத்தத்தை வரவழைத்துக்கொள்கிறது என்று 1890இல் ராயும் ஷெரிங்டனும் எழுதினார்கள். உடலின் அழுத்தம் எப்படியோ மூளையின் ஓட்டமும் அப்படியே என்று 1896இல் லெனார்ட் ஹில் மறுத்தார். ஹில்லின் சொல் பல பத்தாண்டுகள் செல்லுபடியானது. 1930களில் கோபன்ஹேகனின் மோகன்ஸ் ஃபோக், பூனையின் மண்டையோட்டில் சிறு சன்னல் திறந்து நுண்ணோக்கியால் பார்த்தார். அழுத்தம் ஏறினால் மூளைமேற்பரப்பின் தமனிகள் சுருங்கின, இறங்கினால் விரிந்தன.

மனிதரிடம் அளக்கும் வழியை 1940களில் அமெரிக்காவின் சீமோர் கெட்டியும் கார்ல் ஷ்மிட்டும் காட்டினர். நைட்ரஸ் ஆக்சைடு கலந்த காற்றைச் சுவாசிக்கவைத்து, தமனியிலிருந்தும் கழுத்துச் சிரையிலிருந்தும் ரத்தம் எடுத்துக் கணக்கிட்டார்கள். 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 54 மில்லிலிட்டர் என்று வந்தது. ஒரு அளவீட்டுக்குப் பத்து நிமிடம் ஆனது. அதற்குள் நடந்த ஏற்ற இறக்கமெல்லாம் ஒரே எண்ணில் கரைந்துவிடும். லாசனின் கோட்டிலும் நொடிக் கணக்குக்கு இடமில்லாமல் போனதற்கு இதுவே காரணம்.

1973இல் ஸ்ட்ராண்ட்கார்டும் சகாக்களும் நாள்பட்ட உயர் ரத்த அழுத்தக்காரர்களிடம் அந்தக் கோடே அதிக அழுத்தத்தின் பக்கம் நகர்ந்திருப்பதைக் காட்டினர். பக்கவாதம் வருபவர்களில் பலர் இத்தகையவர்கள். ஊருக்கெல்லாம் பொருந்தும் வரம்பு அவர்களுக்குப் பொருந்தாது.

அடுத்த திருப்பம் வேகத்தில் வந்தது. 1982இல் ரூனே ஆஸ்லிட் குழுவினர், காதுக்கு முன்னாலுள்ள மெல்லிய எலும்பு வழியே 2 மெகாஹெர்ட்ஸ் அல்ட்ராசவுண்டைச் செலுத்தி, மூளையின் நடுத்தமனியில் ரத்தம் பாயும் வேகத்தைத் துடிப்புக்குத் துடிப்பு பதிவு செய்தார்கள். விரலில் மாட்டும் சிறு பட்டையால் ரத்த அழுத்தத்தையும் அப்படியே தொடர்ந்து பதியலாம் என்ற வழி, செக் உடலியங்கியலர் யான் பென்யாஸின் 1970களின் யோசனையிலிருந்து பிறந்தது. இரண்டும் கைக்கு வந்ததும் நொடிகளை அளக்க முடிந்தது.

1989இல் ஆஸ்லிட் செய்த சோதனை எளியது, சற்று முரட்டுத்தனமானதும்கூட. இரு தொடைகளிலும் அகலமான பட்டை கட்டி, ரத்தம் போகாதபடி காற்றடித்துச் சில நிமிடம் வைத்திருந்து, சட்டென்று அவிழ்த்தார். ரத்தம் கால்களுக்குப் பாய, உடலின் அழுத்தம் சடாரென்று விழுந்தது. மூளைத் தமனியின் வேகமும் கூடவே விழுந்தது. ஆனால் அழுத்தம் இன்னும் கீழேயே கிடக்க, வேகம் சில நொடிகளில் பழைய நிலைக்கு ஏறியது. சுவாசத்தை விரைவாக்கி ரத்தத்தில் கரியமில வாயுவைக் குறைத்தபோது மீட்சி இன்னும் விரைந்தது. வாயு கூடியபோது மந்தமானது. 1995இல் டீக்ஸ் குழு இந்த மீட்சிக்கு 0 முதல் 9 வரை மதிப்பெண் போடும் முறையை வகுத்தது.

பக்கவாதத்துக்கு இதன் அருமை 2000இல் தெரிந்தது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகர ஆய்வாளர்கள் நோயாளிகளை இரு வழியிலும் சோதித்தார்கள். நிமிடக் கணக்கான பழைய முறையில் குறை எதுவும் தென்படவில்லை. நொடிக் கணக்கான முறையில் சீராக்கம் பழுதாகியிருந்தது தெரிந்தது.

பக்கவாதத்தில் கிடப்பவரின் தொடையை இறுக்குவது எல்லா நேரமும் முடிகிற காரியமல்ல. எனவே ஆய்வாளர்கள் அழுத்தத்தில் தானாக எழும் மெல்லிய அலைகளையே பயன்படுத்தலானார்கள். சுமார் பத்து நொடிக்கு ஒன்றாக வரும் அலையில், ஆரோக்கியமானவரின் மூளை ரத்த வேகம் உடல் அழுத்தத்தை முந்திக்கொண்டு ஏறி இறங்கும். சீராக்கம் கெட்டால் இந்த இடைவெளி சுருங்கி, இரண்டும் ஒட்டியே ஓடும். நோயாளி அல்ட்ராசவுண்ட் கருவியைத் தாங்கும் சட்டத்தைத் தலையில் மாட்டிச் சில நிமிடம் அசையாமல் படுத்திருந்தால் போதும்.

குறைகளும் உண்டு. டாப்ளர் எனப்படும் இந்த அல்ட்ராசவுண்ட் முறை காட்டுவது வேகத்தை, அளவை அல்ல. தமனியின் விட்டம் மாறினால் கணக்கு பிசகும். எலும்பு தடித்தவர்களிடம் ஒலியே உள்ளே போகாது, முதியவர்களிடம் இது அடிக்கடி நேரும். கணக்கிடும் முறையோ ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபட்டதால், 2016இல் ஆய்வாளர் கூட்டமைப்பொன்று பொது நெறிகளை வெளியிட வேண்டியதாயிற்று.

இதற்கிடையில் மருத்துவமனைகள் பக்கவாத நோயாளிகள் எல்லோருக்கும் பொருந்தும் ஒரே ரத்த அழுத்த எண்ணைத் தேடிக்கொண்டிருந்தன. மூளைத் தமனியை அடைத்த ரத்தக்கட்டியைக் குழாய்வழி அகற்றிய பின் மேல் அழுத்தத்தை 120க்குக் கீழே இறக்கிப் பார்த்த சீன ஆய்வில், அப்படி இறக்கப்பட்டவர்களின் நிலை மோசமானதால் சோதனை பாதியில் நிறுத்தப்பட்டது. முடிவு 2022இல் வெளியானது. 140க்குக் கீழே இறக்கிய தென் கொரிய ஆய்வுக்கும் அடுத்த ஆண்டு அதே கதி. யேல் பல்கலைக்கழகத்தின் நீல்ஸ் பீட்டர்சன் குழு வேறு வழியில் போனது: நெற்றியில் ஒட்டிய அகச்சிவப்பு உணரிகளால் ஒவ்வொரு நோயாளிக்கும் அவருக்கான அழுத்த வரம்பைக் கணித்தது. அந்த வரம்புக்கு வெளியே அதிக நேரம் கழித்தவர்கள் தேறியது குறைவு என்று 2020இல் எழுதியது. ஆனால் அது கவனித்துப் பதிந்த ஆய்வு. வரம்புக்குள் நிறுத்தினால் பிழைப்பார்கள் என்பதற்கு அதுவே சான்றாகாது.