அண்ணா நகரில் 11 படுக்கை

அடுத்த திங்கட்கிழமை எங்க டீமுக்கு ஆறு புதுப் பசங்க வர்றாங்க. அஜைல், லீன் எல்லாம் சொல்லிக் கொடுக்கிற பொறுப்பு என் தலையில். போன தடவை ஸ்லைடு போட்டு ரெண்டு நாள் பேசினேன். கடைசியில் ஒரு பையன் கேட்டான், "அண்ணா, காலையில ஸ்டாண்டப்ல என்ன சொன்னா திட்டு விழாது?" என் வகுப்போட லட்சணம் அதிலேயே தெரிஞ்சு போச்சு :-)

2001ல் அமெரிக்காவின் யூட்டாவில் 17 பேர் கூடி அஜைல் அறிக்கை எழுதின கதையை இந்தத் தடவை விட்டுடலாம்னு இருக்கேன். நம்ம மதுரையிலேயே, 1976ல் ஆரம்பிக்கலாம்.

அந்த வருஷம் டாக்டர் கோ. வெங்கடசாமி 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப் போனவர். அந்தக் கையாலேயே கண் ஆபரேஷன் பழகினவர். ஓய்வு பெற்ற கையோடு 11 படுக்கையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் அடிக்கடி சொன்ன உதாரணம் மெக்டொனால்ட்ஸ்! எந்த ஊரிலும் ஒரே தரத்தில் பர்கர் கொடுக்க முடியும்னா, கண்புரை ஆபரேஷனையும் அப்படிக் கொடுக்க முடியாதா?

ஒரு டாக்டருக்கு ரெண்டு மேஜை. ஒண்ணில் ஆபரேஷன் நடக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்தவர் தயார். முடிஞ்சதும் மைக்ராஸ்கோப்பைத் திருப்பினா அடுத்த கண். காத்திருக்கிற நேரம் வீண்னு டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ துரத்தினாரே, அதே வீண்தான். இறக்குமதி லென்ஸ் விலை கட்டுப்படியாகலை, 1992ல் அரோலேப் தொடங்கி இங்கேயே செஞ்சாங்க.

எனக்குப் பிடிச்சது வேற. டாக்டரோட கை தேவைப்படாத வேலை எல்லாம் கிராமத்துப் பொண்ணுங்க கையில். பிளஸ் டூ முடிச்சு வந்தவங்களுக்கு ரெண்டு வருஷப் பயிற்சி. கேம்ப் பஸ்ஸில் போய்க் கண் ஆபரேஷன் பண்ணிட்டு வந்த எங்க அப்பத்தா டாக்டரைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. "அந்தப் புள்ள நான் கேக்குறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் எடுத்து வச்சுருச்சுடா"ன்னுதான் ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தாங்க.

கோடு எழுதறது கண்புரை மாதிரி தினம் ஒரே வேலை இல்லைதான். ஆனா காத்திருப்பு ஒண்ணுதானே? எங்க போர்டில் ஒரு டிக்கெட் ரிவ்யூவுக்காக நாலு நாளா கிடக்கு. அது ஏன் நிக்குதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் புதுப் பசங்களுக்கு முதல் நாள் வேலை.

ரிவ்யூ பண்ண வேண்டியவன் நான்தான்கிறதை இப்போதைக்கு சொல்லப் போறதில்லை.