வீடு, மனை வாங்கப் போறீங்களா? புரோக்கரை நம்பும் முன் இதையெல்லாம் செக் பண்ணுங்க!

சொந்த வீடு அல்லது மனை என்பது பல குடும்பங்களுக்கு வாழ்நாள் சேமிப்பு, அடகு வைத்த நகை, 20 வருட பேங்க் லோன் எல்லாம் சேர்ந்த விஷயம். அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது, எப்போது போகிறது என்பது பல நேரங்களில் நடுவில் இருக்கும் புரோக்கரின் கையில்தான் இருக்கிறது. நல்ல புரோக்கர் கிடைத்தால் அலைச்சல் மிச்சம். தப்பான ஆள் கிடைத்தால் அட்வான்ஸும் போய், கோர்ட் வாசலிலும் நிற்க வேண்டி வரும்.

அப்படியென்றால் நல்ல புரோக்கரை எப்படிக் கண்டுபிடிப்பது? தமிழ்நாட்டில் இதற்கு என்ன விதிகள் இருக்கின்றன? பார்க்கலாம்.

ரெரா பதிவு இருக்கா?

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம் 2016, சுருக்கமாக 'ரெரா'. இந்தச் சட்டப்படி, ரெராவில் பதிவான புராஜெக்ட்டில் புரமோட்டர் விற்கும் மனை, ஃபிளாட்டை விற்றுக் கொடுக்கும் ஏஜென்ட், தன் பெயரையும் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்யாமல் வியாபாரம் பேசினால் ஒரு நாளைக்கு 10,000 ரூபாய் வரை அபராதம். இது அந்தச் சொத்தின் மதிப்பில் 5 சதவீதம் வரை போகலாம்.

பதிவு செய்த ஏஜென்ட்டுக்கு ஒரு எண் தரப்படும். தமிழ்நாட்டில் அது 'டிஎன்/ஏஜென்ட்' என்று தொடங்கி, வரிசை எண், வருடம் என்று முடியும். இந்தப் பதிவு 5 வருடங்களுக்குச் செல்லும். விசிட்டிங் கார்டில் எண் இருக்கிறது என்பதற்காக அப்படியே நம்பிவிட வேண்டாம். தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் பதிவு செய்த ஏஜென்ட்களின் பட்டியல் இருக்கிறது. பெயரும் எண்ணும் ஒத்துப்போகிறதா, பதிவு காலாவதி ஆகிவிட்டதா என்று போனிலேயே பார்த்துவிடலாம்.

ஏஜென்ட்டுக்கு எண் இருந்தால் மட்டும் போதாது, புராஜெக்ட்டுக்கும் தனியாக ரெரா எண் இருக்க வேண்டும். 500 சதுர மீட்டருக்குள் இருக்கும் அல்லது 8 வீடுகளுக்கு மிகாத சின்ன புராஜெக்ட்களுக்கு விலக்கு உண்டு. 'நம்பர் அப்ளை பண்ணியிருக்கோம் சார், அடுத்த வாரம் வந்துடும்' என்று சொன்னால், வந்த பிறகு பேசிக்கொள்ளலாம். பதிவாகாத புராஜெக்ட்டை ஏஜென்ட் விற்கவே கூடாது என்கிறது சட்டம்.

பழைய வீடு வாங்கினால்?

இங்கேதான் பலருக்குக் குழப்பம். ஒருவர் குடியிருந்த பழைய வீட்டையோ, தன் பெயரில் இருக்கும் தனி மனையையோ மறுவிற்பனை செய்யும்போது, அதை முடித்துத் தரும் புரோக்கருக்கு ரெரா பதிவு கட்டாயமில்லை. வாடகைக்கு வீடு பார்த்துத் தருபவருக்கும் அப்படித்தான். டீக்கடை பக்கத்தில் உட்கார்ந்து ஏரியா முழுக்கத் தெரிந்து வைத்திருக்கும் புரோக்கர்களில் பலர் இந்த வகை. எண் இல்லை என்பதற்காக அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சட்டத்தின் பாதுகாப்பு குறைவு என்பதால், வாங்குபவர்தான் கூடுதலாக விசாரிக்க வேண்டும்.

அவர் மூலம் சமீபத்தில் பத்திரம் முடித்த 2 அல்லது 3 குடும்பங்களிடம் பேசிப் பாருங்கள். 'ஆள் எப்படி?' என்று பொதுவாகக் கேட்பதைவிட, 'சொன்ன விலைக்கே முடிஞ்சுதா? பட்டா மாத்துற வரைக்கும் கூட வந்தாரா? கமிஷன் கடைசியில ஏத்திக் கேட்டாரா?' என்று கேட்டால் உண்மை வெளியே வரும்.

குறையையும் சொல்கிறாரா?

எல்லா புரோக்கரும் பஸ் ஸ்டாண்ட் பக்கம், ஸ்கூல் பக்கம் என்று நிறைகளைச் சொல்வார்கள். மழைக்காலத்தில் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும், போரில் உப்புத்தண்ணீரா, பக்கத்து வீட்டுக்காரருடன் எல்லைத் தகராறு உண்டா, பாதை பொதுவானதா, தனியார் நிலமா? கேட்காமலேயே இதைச் சொல்பவர்தான் திறமையான, நம்பக்கூடிய புரோக்கர். ஒரு சொத்தைப் பார்த்துவிட்டு 'இது உங்களுக்கு வேண்டாம் சார்' என்று அவரே சொன்னால், அவரை விட்டுவிடாதீர்கள்.

பேப்பரைக் காட்டத் தயங்குகிறாரா?

டோக்கன் அட்வான்ஸுக்கு முன்பே புரோக்கரிடம் கேட்க வேண்டிய நகல்கள்:

* தற்போதைய ஓனரின் கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்கள்
* வில்லங்கச் சான்று. குறைந்தது 30 வருடங்களுக்குப் பார்ப்பது வழக்கம்
* ஓனர் பெயரில் பட்டா
* மனை என்றால் டிடிசிபி அல்லது சிஎம்டிஏ அப்ரூவல், வீடு என்றால் பிளான் அப்ரூவல்
* ஓனர் இறந்திருந்தால் வாரிசுச் சான்று

'அட்வான்ஸ் போட்டாத்தான் ஓனர் பேப்பர் தருவாரு' என்ற பதில் வந்தால் உஷார்.

சர்வே எண் தெரிந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரங்களை இலவசமாகப் பார்க்கலாம். பட்டாவையும் வருவாய்த்துறையின் இ-சேவை தளத்தில் சரிபார்க்கலாம். ஆனால் வில்லங்கச் சான்றில் எல்லாமே வந்துவிடாது. பதிவு செய்யாத உயில், பதிவு செய்யாத ஒப்பந்தம் போன்றவை அதில் தெரியாது. அதனால் புரோக்கர் காட்டும் வக்கீலை விட்டு, நீங்களே ஒரு வக்கீலைப் பிடித்து லீகல் ஒப்பீனியன் வாங்குவது நல்லது.

ஓனரா? பவர் ஏஜென்ட்டா?

சில புரோக்கர்கள் ஓனரிடம் பவர் எழுதி வாங்கி, தாங்களே விற்பார்கள். இது தவறில்லை. ஆனால் அந்தப் பவர் இன்னும் ரத்தாகாமல் இருக்கிறதா, எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பொதுவாக, எழுதிக் கொடுத்தவர் இறந்தால் பவரும் முடிந்துபோகும். பவர் பத்திரத்தை மட்டும் வாங்கிக்கொண்டால் சொத்து உங்களுக்குச் சொந்தமாகாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பதிவான கிரயப் பத்திரம்தான் முக்கியம்.

கமிஷன் எவ்வளவு?

புரோக்கர் கமிஷன் இவ்வளவுதான் என்று ரெரா சட்டம் நிர்ணயிக்கவில்லை. தமிழ்நாட்டில் விற்பனைக்கு 1 முதல் 2 சதவீதம், வாடகைக்கு ஒரு மாத வாடகை என்பது பரவலான நடைமுறை. 60 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 1 சதவீதம் என்றால் 60,000 ரூபாய், 2 சதவீதம் என்றால் 1,20,000 ரூபாய். சின்ன வித்தியாசம் இல்லை என்பதால், எத்தனை சதவீதம், எப்போது தர வேண்டும் என்பதை முதலிலேயே பேசி, வாட்ஸ்அப் மெசேஜிலாவது உறுதி செய்துகொள்ளுங்கள். பத்திரப்பதிவு முடிந்த பிறகு முழுத் தொகை தருவதே பாதுகாப்பு. விற்பவரிடமும் கமிஷன் வாங்குகிறாரா என்று நேரடியாகக் கேட்பதில் தப்பில்லை.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. ஓனர் 55 லட்சம் கேட்பார். புரோக்கர் உங்களிடம் 60 லட்சம் என்பார். நடுவில் இருக்கும் 5 லட்சம் அவர் பாக்கெட்டுக்கு. இதைத் தடுக்க ஒரே வழி, அட்வான்ஸுக்கு முன் ஓனரை நேரில் சந்தித்து அவர் வாயாலேயே விலையைக் கேட்பது. 'ஓனர் ஃபாரின்ல இருக்காரு' என்றால் வீடியோ காலிலாவது பேசுங்கள். சந்திக்கவே விடாத புரோக்கர் வேண்டாம்.

அட்வான்ஸ் யாருக்கு?

அட்வான்ஸ் எப்போதும் ஓனரின் பேங்க் அக்கவுன்ட்டுக்கே போக வேண்டும், புரோக்கரின் ஜிபேவுக்கு அல்ல. சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. மீறி வாங்கினால், வாங்கியவருக்கு அதே தொகை அபராதமாக விழலாம். புது புராஜெக்ட் என்றால், விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் புரமோட்டர் வாங்கக்கூடாது.

'நாளைக்கு வேற பார்ட்டி வர்றாங்க, இன்னைக்கே டோக்கன் போட்டுடுங்க' என்பது பழைய டயலாக். பேப்பர் பார்க்க ஒரு வாரம் கேளுங்கள். அதற்குள் கைவிட்டுப் போனால் அது வேறொரு வீடு, அவ்வளவுதான். வில்லங்கமான சொத்தில் மாட்டிய பணத்தை மீட்க வருடக்கணக்கில் ஆகும்.

ஏமாந்துவிட்டால் எங்கே புகார்?

ரெரா சட்டத்தை மீறிய ஏஜென்ட் மீது தமிழ்நாடு ரெராவிலேயே புகார் செய்யலாம். பொய் சொல்லி விற்றது நிரூபணமானால் பதிவு ரத்தாகலாம். சேவைக் குறைபாடு என்றால் நுகர்வோர் ஆணையம், போலிப் பத்திரம், ஆள் மாறாட்டம் என்றால் காவல்துறை. எங்கே போனாலும் ஆதாரம் கேட்பார்கள். அதனால் விளம்பர நோட்டீஸ், வாட்ஸ்அப் மெசேஜ், பேங்க் டிரான்ஸ்ஃபர் ரசீது எதையும் டெலீட் பண்ணாமல், பட்டா உங்கள் பெயருக்கு மாறிய பிறகும் பத்திரமாக வைத்திருங்கள்.