பொக்கிஷதாரின் வாள் ஏடுகள்

தென் ஜெர்மனியின் ஆக்ஸ்புர்க் நகரத்தில், 1579-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அறுபது வயதைக் கடந்த ஒரு முதியவர், திருடர்களுக்குரிய தண்டனையென்று அக்காலத்தார் விதித்திருந்த தூக்குக் கயிற்றில் உயிர்விட்டார். அவர் வழிப்பறிக் கொள்ளைக்காரர் அல்லர். அந்நகரத்தின் பொக்கிஷத்தைப் பல்லாண்டுகள் தம் பொறுப்பில் வைத்திருந்த பாவுலுஸ் ஹெக்டர் மாயர் என்னும் கௌரவமான உத்தியோகஸ்தர். நகரத்தார் பணத்தைத் தம் பணமாகப் பாவித்து ஆடம்பரமாக வாழ்ந்ததோடு அவர் நின்றிருந்தால், சரித்திரம் அவரை என்றைக்கோ மறந்துபோயிருக்கும். அப்படிப்பட்ட கணக்கப்பிள்ளைகள் எந்த ஊரில்தான் இல்லை! ஆனால் இந்த மனிதருக்கு விசித்திரமான ஒரு பித்து இருந்தது. பழைய வாள்வித்தைச் சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். அவற்றையெல்லாம் ஒன்றுகூட்டி, அந்த வித்தை அழிந்துபோவதற்குமுன் பெரிய கிரந்தமாக ஆக்கிவிட வேண்டுமென்று, தேர்ந்த வீரர் இருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தி ஒவ்வொரு பிடியையும் வீச்சையும் செய்துகாட்டச் சொல்லி, யோர்க் பிராய் என்னும் ஓவியரைக் கொண்டு அவற்றை வர்ணச் சித்திரங்களாக எழுதுவித்தார். இரண்டு கைகளாலும் ஓச்சும் நீண்ட வாள், குத்துவாள், ஈட்டி, மல்யுத்தம் என்று வீரர்க்குரியவை மட்டுமா? குடியானவன் கையிலுள்ள அரிவாளுக்கும் கதிரடிக்கும் கோலுக்கும்கூட அதில் இடம் உண்டு. அந்தப் பெருநூலின் பிரதிகள் இன்றும் டிரெஸ்டனிலும் மூனிக்கிலும் வியன்னாவிலும் பத்திரமாக இருக்கின்றன. பொக்கிஷத்தைக் காலி செய்தவர் வேறொரு பொக்கிஷத்தை வைத்துவிட்டுப் போனார் என்று சொன்னால், ஆக்ஸ்புர்க் நகரத்தார் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள். நமக்கென்னவோ ஒப்புக்கொள்ளத்தான் தோன்றுகிறது.

மாயர் அஞ்சியது வீண் அச்சம் அன்று. துப்பாக்கியின் ஆதிக்கத்தாலும், மெல்லிய நீள்வாளைக் கொண்டு செய்யும் இத்தாலிய முறைகளின் மோகத்தாலும், இரண்டு கை வாளின் வித்தை படிப்படியாகப் போர்க்களத்தை விட்டு விளையாட்டுக் கூடத்துக்கும், விளையாட்டுக் கூடத்தை விட்டு மறதிக்கும் இறங்கிப் போயிற்று. ஆசிரியர் கையிலிருந்து மாணாக்கர் கைக்கு இறங்கிவந்த பரம்பரை அறுந்தது. எஞ்சியவை ஏடுகள் மட்டுமே. அந்த ஏடுகளை மட்டும் கொண்டு ஒரு வித்தையை மறுபடி உயிர்ப்பிக்க முடியுமா என்பதுதான் இந்த வாரம் நாம் எடுத்துக்கொள்ளும் விஷயம்.

ஏடுகளுக்குப் பஞ்சமில்லை. இன்று நமக்குக் கிடைப்பவற்றுள் மிகப் பழையது, 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லத்தீன் மொழியில், ஒரு பாதிரியார் தம் மாணாக்கனுக்குச் சிறு கேடயமும் ஒற்றைக் கை வாளும் கொண்டு பயிற்சி தருவதாக எழுதப்பட்டது. அதன் கடைசிப் பக்கங்களில் மாணாக்கனின் இடத்தில் வால்புர்கா என்னும் பெண் ஒருத்தி வாளேந்தி நிற்கிறாள். அவள் யார், எதற்காக வந்தாள் என்று ஏடு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கோதா நகரத்துக் கோமகனின் நூலகத்தில் பன்னெடுங்காலம் இருந்த அந்தச் சுவடி, இரண்டாம் உலக யுத்தக் குழப்பத்தில் காணாமற் போய், 1950-இல் லண்டன் ஏலக்கடையில் தலைகாட்டி, இப்போது இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து அரச ஆயுதக் காட்சிசாலையில் இருக்கிறது. இத்தாலியிலே, ஃபியோரே என்னும் ஆசிரியர், ஃபெராராவின் அதிபதியான மூன்றாம் நிக்கோலோவுக்குச் சமர்ப்பித்து 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய நூல் இன்னும் அழகானது. வீரனுக்கு வேண்டிய நான்கு குணங்களுக்கு நான்கு மிருகங்களைச் சித்திரித்த அவர், நிலைகுலையாத பலத்துக்கு முதுகில் கோபுரம் தாங்கிய யானையை வீரன் உருவத்தின் காலடியில் நிறுத்தியிருப்பதைக் கண்டால், யானைப்படை கண்ட நம்மவர்க்குச் சிறிது பெருமிதம் உண்டாவது இயல்பே.

ஆனால் ஏடு இருப்பது ஒன்று, ஏடு பேசுவது வேறொன்று. ஜெர்மானிய வாள்வித்தைக்கெல்லாம் மூலபுருஷராக மதிக்கப்படும் யோஹன்னஸ் லீஹ்டெனாவர் என்பவர், தம் வித்தையைச் செய்யுட்களாக அமைத்தார். அதுவும், தகுதியில்லாதவர் கையில் சிக்கலாகாது என்பதற்காக, வேண்டுமென்றே மறைபொருளாக அமைத்தார். சித்தர் பாடல்களின் பரிபாஷையோடு மல்லுக்கு நிற்கும் நம் வைத்தியர்களுக்கு அந்தச் செய்யுட்களைப் படிப்பவரின் அவஸ்தை எளிதில் விளங்கும். அதிர்ஷ்டவசமாக, பின்வந்த சீடர் பரம்பரையார் அவற்றுக்கு உரை எழுதினார்கள். நியூரன்பெர்க்கில் உள்ள பழைய உரைச்சுவடி ஒன்றின் ஆசிரியரோ, வாள்வீச்சைக் கையால் காட்டுவது போல வாயாலும் எழுத்தாலும் விளக்கிவிட முடியாது என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டுவிட்டு, அதன்பிறகு பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டே போகிறார்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், இந்த ஏடுகளைத் தூசி தட்டியவர்களும் இல்லாமல் இல்லை. ஆங்கிலேயரான எஜர்ட்டன் காஸில் 1885-இல் வெளியிட்ட வாள்வித்தைச் சரித்திரம் பெரும் புகழ் பெற்றது. அவருடைய நண்பரான ஆல்ஃபிரட் ஹட்டன், இந்தியாவில் ராணுவ உத்தியோகம் பார்த்த இளமைக் காலத்திலேயே தம் படைப்பிரிவில் வாள்வீச்சுச் சங்கம் அமைத்தவர்; பழைய நூல்களில் கண்ட முறைகளைப் பொது மேடைகளில் நடத்திக் காட்டி ஜனங்களை வியக்கவைத்தவர். ஆயினும் அவர்கள் காலத்து அபிப்பிராயம் ஒன்று அவர்கள் கண்ணை மறைத்தது. நாகரிகம் போலவே வாள்வித்தையும் படிப்படியாக வளர்ந்து தங்கள் காலத்தில் பூரணத்துவம் அடைந்தது என்றும், இடைக்காலத்தார் பலத்தை மட்டும் நம்பி முரட்டுத்தனமாக வெட்டிக்கொண்டவர்கள் என்றும் காஸில் கருதினார். வாள் என்றால் பெருஞ்சுமை, கவசம் என்றால் இரும்புச் சிறை என்ற கதைகள் அந்த அபிப்பிராயத்துக்கு ஊட்டம் கொடுத்தன. காட்சிசாலையில் உள்ள அசல் வாள்களைத் தராசில் வைத்துப் பார்க்கிறவருக்கு அந்தக் கதை நில்லாது. இரண்டு கைகளால் பிடிக்கும் நீண்ட வாள் பெரும்பாலும் ஒன்றேகால் கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கிவிடுகிறது. பிடியின் அடியில் உள்ள குமிழ் அலகின் கனத்துக்கு ஈடுகொடுப்பதால், கையில் எடுத்தவுடன் அது தராசு காட்டியதைவிடவும் இலேசாகத் தோன்றும்.

1990-களுக்குப் பிறகு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல ஊர்களில் கிளம்பிய புதிய கூட்டத்தார் வேறு வழியைப் பிடித்தார்கள். ஏட்டை ஒரு கையிலும் மழுங்கிய எஃகு வாளை மறு கையிலும் வைத்துக்கொண்டு, வாக்கியம் வாக்கியமாக நடித்துப் பார்ப்பதே அந்த வழி. லீஹ்டெனாவரின் தலையாய ஐந்து வெட்டுக்களில் ஒன்றான குறுக்கு வெட்டை எடுத்துக்கொள்வோம். எதிரி மேலிருந்து உச்சந்தலையை நோக்கி வெட்டுகையில், வலக்காலால் வலப்புறம் பாய்ந்து, கட்டைவிரலை அலகின் அடிப்புறம் வைத்து, வீசுபவனை நோக்கியிருக்கும் பின்கூரால் எதிரியின் இடப்பக்கத் தலையில் கிடையாக வெட்டு என்கிறது உரை. சொன்னபடி செய்கிறார்கள், கைகள் மார்பளவில் இருக்க வாள் குறுக்கே போகிறது, எதிரியின் வாளோ நேராக வந்து தலையில் இறங்குகிறது. ஏடு பொய்யா? மறுபடி வாசிக்கிறார்கள். கைப்பிடி தலைக்கு முன்னே உயர்ந்து நிற்க வேண்டும் என்ற சிறு குறிப்பு, முதலில் அலங்காரமாகத் தோன்றியது, இப்போது கண்ணில் படுகிறது. கைகளை நெற்றிக்கு மேலே உயர்த்திப் பாய்ந்தவுடன், எதிரியின் அலகு கைப்பிடியின் குறுக்குச் சட்டத்தில் வந்து சிக்கிக்கொள்கிறது. அதே கணத்தில், அதே அசைவில், தன் வாள் எதிரியின் காதருகே போய்ச் சேர்கிறது. கட்டைவிரலை ஏன் அடியில் வைக்கச் சொன்னார்கள் என்பதற்கும் அப்போதுதான் விடை கிடைக்கிறது. அப்படி வைக்காவிட்டால் அவ்வளவு உயரத்தில் மணிக்கட்டு திரும்பாது. பண்டிதர் பலர் மேஜையருகே அமர்ந்து விவாதித்துத் தீராத சந்தேகத்தை ஒரு மணிக்கட்டு தீர்த்துவைத்தது. சரீரத்தையும் பாடபேத நிர்ணயத்துக்கு ஒரு சாட்சியாக ஏற்றுக்கொண்டதுதான் இந்தக் கூட்டத்தார் செய்த பெரிய காரியம் என்பது என் துணிபு.

கவசத்தின் விஷயத்திலும் இதே முறை பலித்தது. லாரன்ஸ் ஒலிவியே 1944-இல் எடுத்த ஐந்தாம் ஹென்றி திரைப்படத்தில், கவசமணிந்த பிரபுக்களைப் பாரந்தூக்கியால் தூக்கிக் குதிரைமேல் வைப்பதைக் கண்டவர்கள், அதைச் சரித்திரமென்றே நம்பிவிட்டார்கள். ஆனால் பிரெஞ்சு நாட்டுத் தளகர்த்தரான பூசிக்கோ, கவசத்தோடு கரணம் அடித்ததையும், சாய்த்து வைத்த ஏணியின் அடிப்புறமாகக் கைகளாலேயே தொற்றி ஏறியதையும் 15-ஆம் நூற்றாண்டிலே எழுதப்பட்ட அவருடைய சரித்திரம் கூறுகிறது. முகஸ்துதி என்று ஒதுக்கப்பட்ட அந்தச் செய்தியை, நம் காலத்து ஆராய்ச்சியாளர் ஒருவர் அளவெடுத்துச் செய்த கவசத்தை அணிந்து தாமே செய்து பார்த்து, ஏணியில் ஏறியும் காட்டினார். போர்க்களத்து முழுக்கவசம் பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து கிலோ. அது உள்சட்டையோடு கயிறுகளால் பிணைக்கப்பட்டு உடலெங்கும் பரவி நிற்பதால் ஓடவும் விழுந்து எழவும் தடையில்லை. தடையில்லை என்றேனே தவிர, களைப்பில்லை என்று சொல்லவில்லை. லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் 2011-இல் வெளியிட்ட சோதனையில், கவசமணிந்து ஓடுபட்டையில் நடந்தவர்கள் வெறும் உடலோடு நடப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான சக்தியைச் செலவிட்டார்கள். ஒவ்வொரு அடியிலும் கால்கள் தங்கள் இரும்பைத் தாமே தூக்க வேண்டியிருந்ததும், மார்புக் கவசத்துள் ஆழ்ந்து மூச்சுவிட முடியாமற் போனதும் அதன் காரணங்கள்.

இத்தகைய கவசத்தை வாளின் கூர் பிளக்காது. ஆகையால் ஏடுகள், இடக்கையால் அலகின் நடுவைப் பற்றிக்கொண்டு, வாளைக் குறுவேல் போலாக்கி அக்குளிலும் முழங்கை மடிப்பிலும் முகமூடித் துளையிலும் குத்தும்படி கற்பிக்கின்றன. கூரிய அலகைக் கையால் பிடிப்பதாவது என்று ஒரு காலத்தில் நகைத்தார்கள். விரல்களில் வழுக்காதபடி இறுகப் பிடித்த அலகு வெட்டுவதில்லை என்பது செய்து பார்த்தவர்க்குத் தெரிந்துவிட்டது, அறுப்பது இழுப்பில்தான்.

ஆயினும் இவர்களுடைய புனர்நிர்மாணத்தை முழுவதும் நம்பிவிடுவதற்கு எனக்குத் தயக்கம் உண்டு. மழுங்கிய வாள்கள் மோதும்போது ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றன. கூரிய வாள்களோ மோதிய இடத்தில் ஒன்றையொன்று கவ்வி ஒரு கணம் நிற்கின்றன. எதிரியின் வாள் வலுவாக இருக்கிறதா தளர்ந்திருக்கிறதா என்பதை அந்தத் தொடுகையினாலேயே அறிய வேண்டுமென்று பழைய ஆசிரியர்கள் வற்புறுத்தியிருக்க, அந்தத் தொடுகையே மாறிப்போனால் என் செய்வது? மேலும், கம்பி வலை முகமூடியும் பஞ்சுச் சட்டையும் அணிந்தவனுக்கு மரண பயம் ஏது? பந்தயங்களில் இருவரும் ஏககாலத்தில் ஒருவரையொருவர் வெட்டிவிட்டு, புள்ளிக் கணக்கைப் பற்றி வாதாடுவதைக் காண்கையில், இதைப் பார்த்து லீஹ்டெனாவர் மகிழ்ந்திருப்பாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

ஏடும் உடலும் ஒத்துப்போன பின்பும் ஒத்துவராத மூன்றாவது சாட்சி ஒன்று இருக்கிறது. காலை நோக்கி வெட்டுபவன் தன் தலையை எதிரிக்குக் கொடுத்துவிடுகிறான் என்பது லீஹ்டெனாவர் மரபின் உறுதியான போதனை. தாழ வெட்டுபவனைவிட மேலே வெட்டுபவனுக்கு எட்டும் தூரம் அதிகம் என்பது கணக்குப் போட்டாலும் சரியாகவே வருகிறது. ஆனால் 1361 ஜூலையில், சுவீடனைச் சேர்ந்த காட்லாந்து தீவின் விஸ்பி நகர மதிலுக்கு வெளியே, டென்மார்க் மன்னன் வால்டமாரின் சேனைக்கு எதிரே நின்று மடிந்த குடியானவர்களின் கூட்டுப் புதைகுழிகளைத் தோண்டியபோது, வெட்டுக்காயங்கள் மிகுதியாகக் காணப்பட்டது முழங்காலுக்குக் கீழுள்ள எலும்புகளில்தான். மார்பை மறைக்கும் இரும்புத் தகட்டுச் சட்டை பலருக்கு இருந்தது. அவை அவர்களோடேயே புதைந்தும் கிடந்தன. தனியாக எதிர்நிற்கும் இருவருக்காக எழுதப்பட்ட சாஸ்திரம், தோளோடு தோள் நெருக்கி நிற்கும் ஆயிரம் பேரின் நடுவில் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அந்த எலும்புகளையும் தகடுகளையும் கொண்டு அடுத்த வாரம் விசாரிப்போம்.