சிவப்பு நீங்காத கண்

கறுப்பு, சிவப்பு என்னும் இரு சொற்களுக்கும் தொல்காப்பியர் உரியியலில் முதற்கண் கூறும் பொருள் வெகுளி. அவை நிறத்தையும் உணர்த்தும் என்பதை அடுத்த நூற்பாவில்தான் சொல்கிறார். இன்று நிறமே முதற்பொருள் ஆகிவிட்டது. கறுத்தல் சினப்பொருளை ஏறத்தாழ இழந்தது. உள்ளத்தில் வன்மம் வைத்தலைக் குறிக்கும் 'கறுவுதல்' அதன் எச்சமாக நிற்கிறது. சிவத்தல் பிழைத்தது கண்ணினால்.

அக்கண்ணைப் பாடிய பெரும்பாட்டு நம் சமவெளிக்கு அண்டை நிலத்தது. தகடூர், அதாவது இன்றைய தருமபுரி, 1965 வரை சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அதன் தலைவன் அதியமான் நெடுமான் அஞ்சி, போர்க்கோலம் களையாமலே தனக்குப் பிறந்த மகனைக் காண வந்தான். அக்காட்சியே ஔவையார் பாடிய புறநானூற்று 100ஆம் பாட்டு. கையில் வேல், காலில் கழல், உடலில் வியர்வை, கழுத்தில் ஈரம் உலராத புண். புலியொடு பொருத களிற்றைப்போல அவன் சினம் இன்னும் மாறவில்லை என்று கூறியும் புலவர்க்கு அமைதி இல்லை. இறுதியில் கண்ணுக்கு வருகிறார். பகைவரை நோக்கிய கண், மகனை நோக்கிய பின்னும் சிவப்பு நீங்கவில்லை. அரசனின் வெற்றியைப் புகழும் பாட்டுத்தான். ஆயினும் அந்தப் பச்சிளங் குழந்தை முதன்முதலாகக் கண்ட தந்தைமுகம் அதுவன்றோ!

சினக்கண்ணுக்குத் தமிழில் சொற்கள் பல உண்டு. முறைத்தல் வாய்பேசாத அறைகூவல். கண்ணை உருட்டுதல் பெரும்பாலும் பிள்ளைகளை அடக்குவதற்கு. அதில் உண்மைச் சினம் இருக்க வேண்டுவதில்லை. உறுத்து நோக்குதல் ஒன்றன்மேல் பார்வையை ஊன்றுவது. இன்றைய கவிதைகளிலோ இவை அனைத்திற்கும் ஈடாக விழிகள் கனல் கக்குகின்றன. அதியமான் மகனை முறைத்தான் என்று எழுதிப் பார்த்தால் பாட்டே உடைந்துபோகும். முறைத்தல் ஒருவன் வேண்டுமென்றே செய்வது. சிவப்போ அவன் விரும்பினும் உடனே நீங்காமல் தங்குவது.

சீனர்க்குக் கண் சிவத்தல் பெரும்பாலும் பொறாமையின் குறி. 3ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ருவான் ஜி, வெறுத்தவர்க்கு வெள்விழியையும் உவந்தவர்க்குக் கருவிழியையும் காட்டினார் என்று அவர்தம் வரலாற்று நூல் கூறும். வெள்விழி அங்கே இகழ்ச்சியின் பெயராயிற்று.

அதியர் பெயர் பின்னும் இம்மண்ணில் நின்றது. 8ஆம் நூற்றாண்டில் அதியன் குணசீலன் காலத்தில் நாமக்கல் மலையைக் குடைந்து கோயில்கள் எழுந்தன. அங்கே நரசிம்மர் குடைவரையில் இரணியனைப் பிளக்கும் சிற்பம் உள்ளது. இன்று காணும் அக்கல்லின் கண்களில் சிவப்பு இல்லை. வெகுளி முழுவதும் கைகளுக்கு இறங்கியிருக்கிறது.