ஜப்பானியர் கற்பனையில் பர்மாவின் யாழ்

‘பர்மாவின் யாழ்’ என்பது டாக்கேயாமா மிச்சியோ (1903–1984) என்னும் ஜப்பானியப் பேராசிரியர் இயற்றிய சிறுவர் நவீனம். இரண்டாம் உலக மகாயுத்தம் முடிந்து, ஜப்பானிய நகரங்கள் பல சாம்பல்மேடாய்க் கிடந்த காலத்தில், ‘அக்காதொம்போ’ என்ற சிறுவர் மாத இதழில் 1947 மார்ச் முதல் 1948 பிப்ரவரி வரை தொடராக வெளிவந்து, அவ்வாண்டே நூலுருவும் பெற்ற இக்கதை, பின்னர் இருமுறை திரைப்படமாகி, பர்மா என்றதும் ஜப்பானியர் மனக்கண்முன் தோன்றும் சித்திரத்தை இரண்டு தலைமுறைகளுக்கேனும் வகுத்துக் கொடுத்தது. காவியாடையும், கையில் யாழும், தோளில் கிளியுமாக நிற்கும் ஒரு பிக்ஷுவின் உருவமே அச்சித்திரம். கதையின் நிகழ்ச்சிகள் பர்மிய மண்ணில் நடப்பினும், அதன் ஜீவன் ஜப்பானியரின் புராதன நம்பிக்கைகளிலேயே வேரூன்றியது.

டாக்கேயாமா டோக்கியோவின் முதலாம் உயர்நிலைக் கல்லூரியில் ஜெர்மன் மொழி போதித்தவர். நீட்சேயின் ஸரதுஷ்டிரத்தை ஜப்பானிய மொழியில் பெயர்த்தவர். பர்மாவில் அடியெடுத்து வைத்தறியாதவர். தம் வகுப்பிலிருந்து போர்க்களம் சென்ற மாணவர் சிலர் திரும்பி வாராத துயரமே அவரை எழுதத் தூண்டியது. கதைக்களத்தை முதலில் அவர் சீனத்தில் அமைக்கவே எண்ணினார். ஆனால் பகைவர் இருதிறத்தாரும் ஒருங்கே அறிந்த பாட்டொன்று கதைக்கு இன்றியமையாததாயிற்று. சீனருக்கும் ஜப்பானியருக்கும் பொதுவான அத்தகைய பாட்டு அவருக்குக் கிட்டவில்லை. ‘ஹோம் ஸ்வீட் ஹோம்’ என்ற ஆங்கில மெட்டோ, மெய்ஜி சக்கரவர்த்தி காலந்தொட்டு ஜப்பானியப் பள்ளிகளில் ‘ஹன்யூ நோ யாதோ’ என்ற பெயரில் பயிற்றப்பட்டு வந்தது. ஆகவே எதிரி ஆங்கிலேயனாக வேண்டும், களம் பர்மாவாக வேண்டும் என்று முடிவாயிற்று.

இசைப்பயிற்சி பெற்ற தளபதி ஒருவரின் கீழ், பாடிக்கொண்டே பின்வாங்கும் சிறுபடை. அதில் தானே கற்றுக்கொண்ட யாழை மீட்டும் மிசுஷிமா என்ற வீரன். ஒரு கிராமத்தில் ஆங்கிலப்படை சூழ்ந்துகொண்டபோது, ஐயம் எழாதிருக்க ஜப்பானியர் அப்பாட்டைப் பாட, இருளிலிருந்து எதிரிகளும் தம் மொழியில் சேர்ந்து பாடுகின்றனர். போர் மூன்று நாள்களுக்கு முன்பே முடிந்துவிட்ட செய்தி அப்போதுதான் தெரிகிறது. சரணடைய மறுத்து மலையொன்றில் எதிர்த்து நிற்போரை இணங்குவிக்கச் சென்ற மிசுஷிமா திரும்பவில்லை. முடோன் சிறைமுகாமில் அடைபட்ட தோழர், அவனைப் போன்றே தோற்றமளிக்கும் பிக்ஷு ஒருவனை வழியில் கண்டு கலங்குகின்றனர். ஆற்றங்கரைகளிலும் காடுகளிலும் புதைப்பாரின்றிச் சிதறிக் கிடக்கும் சடலங்களைக் கண்ட அவன், அவற்றை அடக்கம் செய்து முடிக்கும்வரை தாய்நாடு திரும்புவதில்லை என்று விரதம் பூண்டதை, தோழர் கப்பலில் செல்லும்போது படிக்கப்படும் நீண்ட கடிதம் தெரிவிக்கிறது.

பாட்டுக்காரனொருவன் அலையும் ஆவிகளுக்குச் சாந்தி அளிக்கும் இக்கருத்து ஜப்பானுக்குப் புதிதன்று. 1185 ஆம் ஆண்டில் தன்னோஉரா கடற்போரில் ஹெய்க்கே குலம், அந்தோக்கு என்ற குழந்தைச் சக்கரவர்த்தியுடன் நீரில் மூழ்கி அழிந்தபின், அக்குலத்தின் வீழ்ச்சியை பீவா என்னும் நரம்புக்கருவியை மீட்டியவாறு ஊர்தோறும் பாடித் திரிந்த குருட்டுத் துறவிகள் ‘பீவா ஹோஷி’ எனப்பட்டனர். கேட்போரின் ரஞ்சகத்துக்காக மட்டுமன்றி, மாண்டோரின் சினம் தணியவும் அவர்கள் பாடினர் என்பது அந்நாட்டார் கொள்கை. கொய்சுமி யக்குமோ எனப் பெயர்பூண்ட லஃப்காடியோ ஹெர்ன் 1904 இல் வெளியிட்ட ‘க்வைதான்’ தொகுதியில் இடம்பெறும் ஹோஇச்சி என்பவன் இம்மரபினன். இரவுதோறும் மாவீரனொருவன் வந்து அவனை அரசவைக்கு அழைத்துச் செல்கிறான். அவன் பாடுவதோ கல்லறைகளின் நடுவே, ஹெய்க்கேயின் ஆவிகளுக்கு. அவனைக் காக்கவென்று மேனியெங்கும் சூத்திரம் எழுதிய மடத்தார் செவிகளை மட்டும் மறந்துவிட, அவற்றை ஆவி பறித்துச் செல்கிறது.

இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது, சந்ததியற்றும் ஈமக்கடன் பெறாதும் இறந்தோர் அமைதியின்றி அலைவர் என்ற நம்பிக்கை. கோடையில் வரும் ‘பொன்’ விழாவில் தம் முன்னோரை விளக்கேற்றி வரவேற்கும் ஜப்பானியர், நாதியற்ற ஆவிகளுக்கும் உணவு படைப்பர். ஆடி அமாவாசையில் எள்ளும் நீரும் இறைக்கும் தமிழருக்கு இவ்வுணர்ச்சியை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. பர்மாவில் மட்டும் 1,80,000க்கு மேற்பட்ட ஜப்பானிய வீரர் மாண்டனர். பெரும்பாலோரின் எலும்பும் வீடு வந்து சேரவில்லை. அத்தகைய நாட்டில் இக்கதை கண்ணீரோடு படிக்கப்பட்டதில் வியப்பில்லை.

பர்மியர் ‘சௌங்’ என்றழைக்கும் அந்த யாழோ, தமிழர் சிந்தனையைத் தனியே ஈர்க்கும் கருவி. படகுபோன்ற உடல், மான்தோற் போர்வை, வில்லென வளைந்த கழுத்து, செந்நிற முடிச்சுகளால் கட்டிய பதினாறு நரம்புகள் என இன்று காணப்படும் இதன் முன்னோடி, பியே நகருக்கு அருகிலுள்ள ஸ்ரீக்ஷேத்திரத்தில் ஏழாம் நூற்றாண்டுச் சிற்பமொன்றில் பொறிக்கப்பட்டுள்ளது. 802 இல் சீனத் தலைநகர் சென்ற பியூ நாட்டு இசைக்குழுவும் வில்யாழ் கொண்டு சென்றதைத் தாங் வம்ச வரலாறு குறிக்கிறது. மியவடி மிங்ஜி ஊ சா (1766–1853) என்ற அரசவைப் புலவர் ஏழாக இருந்த நரம்புகளைப் பதின்மூன்றாகப் பெருக்கினார். சங்கச் சான்றோர் பாடிய யாழ் தமிழகத்தில் வீணைக்கு இடந்தந்து மறைந்தொழிய, அதன் சுற்றத்தைச் சேர்ந்த இக்கருவி பர்மிய அரண்மனையில் அறாது ஒலித்து வந்தது. டாக்கேயாமாவின் கதை தொடராகத் தொடங்கிய அதே 1947 இல்தான் விபுலானந்த அடிகளின் ‘யாழ் நூல்’ திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது; ஒருவரையொருவர் அறியாத இருவர், ஒரே ஆண்டில் வில்யாழை மீண்டும் மக்கள் நினைவுக்குக் கொணர்ந்தனர்.

இரங்கூன் எனப்பட்ட யாங்கோனிலும் அதன் தெற்கே விரியும் கழிமுகத்திலும், மரத்தடிச் சிறு கோயில்களில் யாழேந்திய இளைஞன் உருவமொன்று வழிபடப்படுகிறது. உவர்நீருக்கு அதிபதியான ஊ ஷின் ஜி என்ற ‘நாட்’ தெய்வம் அது. மரக்கலமேறிச் சென்ற மவுங் ஷின் என்ற இளைஞனின் யாழிசையில் தீவொன்றின் தேவகன்னியர் மயங்கினர். அவனை விட்டுச் சென்றாலன்றிக் கலம் நகராதெனக் கண்ட தோழர் அவனைக் கடலுக்கு ஈந்து ஊர் திரும்பினர். அவனே காவல்தெய்வமானான் என்பது ஐதிகம். யாழ்ப்பாடகன் ஒருவன் பின்தங்க, தோழர் கலமேறி வீடடையும் இவ்வமைப்பு மிசுஷிமாவின் கதையோடு எத்துணை ஒத்திருக்கிறது! பீவா மரபிலிருந்து டாக்கேயாமா வந்தடைந்த இடத்தில், கழிமுகத்து மீனவர் முன்னரே நின்றிருந்தனர் என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஆயினும் பர்மிய வாழ்க்கையை நூல் செவ்வனே காட்டவில்லை. ஆடல் பாடல் வாத்தியங்களை விலக்குவது தேரவாத பிக்ஷுவுக்குரிய சிக்ஷாபதங்களில் ஒன்று. யாழ் மீட்டும் துறவி பர்மியர் கண்ணுக்குச் சீலம் பிழைத்தவனே. மிசுஷிமாவை நரமாமிசம் உண்ணும் மலைவாசிகள் பிடித்துவைப்பதாக வரும் பகுதியோ அந்நாட்டாரை வீணே இழிவுபடுத்துவது. அதனைத் திரைப்படம் நீக்கியது நன்று.

இயக்குநர் இச்சிகாவா இக்கதையை முதன்முறை எடுத்த படம், ஜப்பானும் பர்மாவும் 1954 நவம்பர் 5 இல் இரங்கூனில் சமாதான உடன்படிக்கையும் நஷ்டஈட்டு ஒப்பந்தமும் செய்துகொண்டபின், 1956 இல் வெளியாயிற்று. திரைக்கதை அவர் மனைவி வாதா நாத்தோ எழுதியது, இசை, ‘காட்ஸில்லா’வுக்கு இசையமைத்த இஃபுக்குபே அக்கிராவினுடையது, மிசுஷிமாவாக யசுயி ஷோஜி நடித்தார். பெரும்பகுதி ஜப்பானிலும் சில காட்சிகள் பர்மாவிலும் படமாயின. வெனிஸ் விழாவில் சான் ஜார்ஜோ பரிசு பெற்ற இது, ஆஸ்கார் பரிந்துரையும் அடைந்தது. வண்ணத்தில் எடுக்கும் தம் பழைய விருப்பத்தை இச்சிகாவா 1985 இல் நிறைவேற்றியபோது, களம் தாய்லாந்துக்கு மாறிற்று. அப்படமும் பெருவெற்றி பெற்றது. எனினும் கருப்புவெள்ளையின் கம்பீரம் அதற்கு வாய்க்கவில்லை.

இரங்கூன் தமிழருக்கு இக்கதை வேறொரு விதமாகவும் புலப்படும். 1941 டிசம்பர் 23 இல் இந்நகர்மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. 1942 மார்ச் 8 இல் நகர் வீழ்ந்தது. இலட்சக்கணக்கான இந்தியர் மலைவழியே நடந்தே தாயகம் நோக்கினர். 1944 ஜனவரியில் நேதாஜியின் ஆசாத் ஹிந்த் அரசு இங்கே தலைமையகம் அமைத்தபோது, மலேயாத் தமிழர் பலர் அதன் படையில் இருந்தனர். இவர்களில் ஒருவரும் நூலில் இல்லை. யாங்கோனின் வடக்கே தவுக்கியான் கல்லறைத் தோட்டத்தில், அடக்கமிடம் அறியப்படாத நேசநாட்டு வீரர் ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள், இந்தியர் பெயர்கள் உட்பட, தூண்களில் செதுக்கப்பட்டுள்ளன. ஜப்பானியருக்கும் நகரில் கல்லறைத் தோட்டமுண்டு. மிசுஷிமாவின் தோழர் அடைபட்ட முடோனுக்குத் தெற்கே, அதே சாலையில் உள்ளது தன்பியூசயாட். மலேயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் 1942–43 இல் உயிர்விட்ட சயாம் மரணரயில் பாதை முடிந்த இடம் அது. அங்கே போர்க்கைதிகளுக்கு 3,700க்கு மேற்பட்ட கல்லறைகள் வரிசையாகப் பேணப்படுகின்றன. தமிழ்த் தொழிலாளருக்கு அத்தகைய பெயர்க்கல் வரிசை அங்கில்லை. அந்நியர் எலும்புக்கும் இரங்கும் பேருள்ளம் படைத்த மிசுஷிமாவை அத்துணை அண்மையில் உலவவிட்ட ஆசிரியர், இன்னும் சில காத தூரம் தெற்கே நடக்கவிடாதது இந்நூலின் பெருங்குறையென்றே கொள்ளவேண்டும்.