பதின்பருவ ஓட்டுநர் கல்வி

பதின்பருவத்தினருக்கு வாகனம் ஓட்டக் கற்றுத் தந்து, சாலையின் ஆபத்துகளை முன்கூட்டியே உணரப் பழக்கி, படிப்படியாக முழு உரிமத்துக்குக் கொண்டுவரும் முறை பதின்பருவ ஓட்டுநர் கல்வி எனப்படுகிறது. இதன் உயிர்நாடி தற்காப்பு ஓட்டுதல். எதிரே வருபவர் தவறு செய்தாலும், மழையோ இருட்டோ குறுக்கிட்டாலும் விபத்து நேராதபடி, போதிய இடைவெளியும் நேரமும் எப்போதும் கைவசம் இருக்குமாறு ஓட்டுவதே அது.

உலக அளவில் 5 முதல் 29 வயது வரையிலானவர்களின் சாவுக்குச் சாலை விபத்தே முதல் காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அமெரிக்காவில், ஓட்டிய தூரத்தோடு ஒப்பிட்டால், 16 முதல் 19 வயதுவரை உள்ள ஓட்டுநர்கள் உயிரிழப்பு விபத்தில் சிக்கும் வீதம் இருபது வயதைக் கடந்தவர்களுடையதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு.

ஆபத்தின் காரணங்கள்

பதினெட்டு வயதுப் பிள்ளையின் பார்வை கூர்மையானது, கைகால் வேகம் பெற்றோரைவிட அதிகம். ஆகவே வண்டியைக் கையாளும் திறமைக் குறைவை முதற்காரணமாகச் சொல்ல முடியாது. குறை, பார்ப்பதிலும் கணிப்பதிலும் இருக்கிறது. ரொனால்ட் மூரன்ட், தாமஸ் ராக்வெல் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் ஓட்டுநர்களின் கண்ணசைவைப் பதிவு செய்து 1972-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. புதியவர்களின் பார்வை வண்டிக்குச் சற்று முன்னால் ஒரு சிறு பரப்பிலேயே தங்கிவிட்டது. கண்ணாடிகளை அவர்கள் குறைவாகவே பார்த்தார்கள். அனுபவசாலிகளின் பார்வை தூரத்திலும் பக்கவாட்டிலும் பரவியது. நிறுத்தத்தில் ஒரு பேருந்து நிற்கிறது என்றால், அதன் முன்புறமிருந்து யாரேனும் சாலையைக் கடக்கக்கூடும் என்று பழகியவரின் கால் தானாகவே பிரேக்குக்குப் போகும். புதியவருக்கு அது வெறும் நிற்கும் பேருந்து.

இதோடு வயதின் இயல்பும் சேர்கிறது. விளைவை எடைபோட்டு உந்துதலை அடக்கும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டிருக்கிறது. கூட வரும் நண்பர்களின் எண்ணிக்கை ஏற ஏற, 16, 17 வயது ஓட்டுநர்கள் விபத்தில் சாகும் ஆபத்தும் ஏறுகிறது. இரவும் அவர்களுக்கு ஆபத்தான வேளை. தன் பிள்ளை நன்றாக ஓட்டுகிறான் என்று பெருமைப்படும் பெற்றோர் பார்த்திருப்பது, பெரும்பாலும் பகலில், அவர்கள் பக்கத்தில் இருக்கும்போது அவன் ஓட்டியதை.

தற்காப்பு ஓட்டுதல்

அமெரிக்கரான ஹரால்ட் ஸ்மித் 1952-ல் தொடங்கிய பயிற்சிமுறை இத்துறைக்கு முன்னோடி. தூரத்தைப் பார், சுற்றிலும் நடப்பதை முழுமையாகக் கவனி, கண்ணை ஓரிடத்தில் நிலைக்க விடாதே, தப்ப ஒரு வழி வைத்துக்கொள், மற்றவர்கள் உன்னைப் பார்த்துவிட்டதை உறுதிசெய் என்ற ஐந்து விதிகள் அதன் அடிப்படை. அமெரிக்காவின் விபத்துத் தடுப்பு அமைப்பான தேசியப் பாதுகாப்பு மன்றம் 1964-ல் தற்காப்பு ஓட்டுதலுக்கெனத் தனி வகுப்பைத் தொடங்கியது.

இந்த விதிகளுக்குப் பின்னால் இருப்பது எளிய இயற்பியல். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி ஆனால், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே 25 மீட்டர் போய்விடும். உலர்ந்த சாலையில் நிற்க இன்னும் 20 மீட்டர் வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டரில் வந்தால் மொத்தமே 25 மீட்டர் போதும். அதாவது, மெதுவாக வந்தவர் வண்டியை நிறுத்திவிட்ட அதே இடத்தில், வேகமாக வந்தவர் அப்போதுதான் பிரேக்கைத் தொடுகிறார். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். முன்செல்லும் வண்டி ஒரு கம்பத்தைக் கடந்தபின் குறைந்தது இரண்டு நொடி கழித்தே நாம் அதைக் கடக்கவேண்டும் என்னும் பரவலான விதியின் கணக்கும் இதுதான். மழையில் இடைவெளி இன்னும் கூடவேண்டும்.

பள்ளி வகுப்புகளும் அவற்றின் ஏமாற்றமும்

பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்டேட் காலேஜ் என்ற ஊரில் 1930-களில் ஏமோஸ் நேஹார்ட் என்ற பேராசிரியர் உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அமெரிக்கப் பள்ளிகளில் ஓட்டுநர் கல்வி அங்கிருந்து பரவியது. வகுப்பில் படித்தால் விபத்து குறையும் என்பது எல்லோரும் நம்பிய செய்தி. ஜார்ஜியா மாநிலத்தின் டெகால்ப் மாவட்டத்தில் 1970-களின் பிற்பகுதியில் ஏறத்தாழ 16,000 மாணவர்களைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வு அந்த நம்பிக்கையை உலுக்கியது. மிக விரிவான பயிற்சி பெற்றவர்களிடமும் நீடித்த பயன் தெரியவில்லை. பள்ளி வகுப்பு இளையோருக்கு உரிமத்தைச் சீக்கிரம் வாங்கித் தந்து, அவர்கள் சாலையில் இருக்கும் காலத்தை முன்னுக்கு இழுத்துவிடுகிறது என்ற விமர்சனமும் எழுந்தது.

நார்வேயின் அனுபவம் இன்னும் துயரமானது. வழுக்குப் பாதையில் வண்டியைக் கட்டுப்படுத்தும் பயிற்சியை அந்நாடு 1979-ல் கட்டாயமாக்கியது. பயிற்சி பெற்ற இளைஞர்கள் வழுக்குச் சாலையில் கூடுதலாகவே விபத்துக்குள்ளானார்கள். எந்தச் சறுக்கலையும் சமாளித்துவிடலாம் என்ற துணிச்சல், வேகத்தைக் குறைக்கும் எச்சரிக்கையை விழுங்கிவிட்டதென விளக்கம் தரப்பட்டது. சாகசத் திறமையைப் பாதுகாப்புப் பயிற்சி என்று விற்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு என்பதால், இந்தச் செய்தி பரவலாகத் தெரியவேண்டியது.

படிநிலை உரிமம்

அனுபவம் வேண்டும், ஆனால் அனுபவம் தேடும் காலமே உயிருக்கு ஆபத்தானது. இச்சிக்கலுக்கு நியூசிலாந்து 1987-ல் கண்ட விடை படிநிலை உரிமம். முதலில் துணையோடு மட்டும் ஓட்டலாம். அடுத்த கட்டத்தில் தனியாக ஓட்டலாம், ஆனால் இரவிலும் நண்பர்களை ஏற்றிக்கொண்டும் ஓட்டக்கூடாது. சில காலம் கழிந்தபின்தான் முழு உரிமம். அமெரிக்காவில் முழுமையான படிநிலை முறையை 1996-ல் முதலில் கொண்டுவந்த மாநிலம் புளோரிடா. பிற மாநிலங்களும் பின்தொடர, 16 வயது ஓட்டுநர்களின் விபத்துகள் குறைந்தன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 21 வயதுக்குட்பட்டவர் துணையோடு 120 மணி நேரம் ஓட்டி, அதைப் பதிந்து காட்டினால்தான் அடுத்த கட்டத் தேர்வுக்குப் போகலாம். இரவு ஓட்டமும் அதில் அடங்கும். பிரிட்டனில் 2002 முதல் காணொளியில் வரும் ஆபத்தை எவ்வளவு சீக்கிரம் கண்டுகொள்கிறார் என்பதும் தேர்வில் சோதிக்கப்படுகிறது.

இந்தியாவில்

இந்தியாவில் 2022-ல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி உரிமத்துக்கான வயது 18. 50 சிசி-க்கு மேற்படாத வண்டிக்கு மட்டும் 16. ஆனால் வீடுகளில் நிற்பவை பெரும்பாலும் 110 சிசி, 125 சிசி ஸ்கூட்டர்கள். டியூஷனுக்குப் போக வயது நிரம்பாத பிள்ளைகளிடம் சாவியைக் கொடுக்கும் பழக்கத்தைத் தடுக்க, 2019-ல் திருத்தப்பட்ட சட்டத்தின் 199ஏ பிரிவு, பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கிறது. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். ஓட்டிய சிறுவருக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. கண்டிப்பான சட்டம், தேவையானதும்கூட. ஆனால் அது சாவியைப் பற்றியது, கற்பிப்பதைப் பற்றியதல்ல.

எல்.எல்.ஆர். எனப்படும் பழகுநர் உரிமம் எடுத்து 30 நாள் கழிந்தால் உரிமத் தேர்வுக்குப் போகலாம். தமிழ்நாட்டில் இருசக்கர வண்டிக்கான தேர்வு, காலை ஊன்றாமல் ‘எட்டு’ போடுவது. அது தடுமாறாமல் வண்டி ஓட்டுவதைச் சோதிக்கிறது. லாரியின் பின்னிருந்து வரும் சைக்கிளை எதிர்பார்க்கும் கண்ணை அது சோதிப்பதில்லை. தேர்ச்சி பெற்ற அன்றிரவே, பின்னால் நண்பனை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகச் சட்டம் அனுமதிக்கிறது. 250 வாட்டுக்குக் குறைந்த திறனும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் கொண்ட மின் ஸ்கூட்டருக்கு உரிமமே வேண்டியதில்லை. எந்தப் பயிற்சியும் எந்தத் தேர்வும் இல்லாமல் பள்ளி மாணவர்கள் பலர் அதில்தான் முதல்முறையாகச் சாலைக்கு வருகிறார்கள்.