கம்பராமாயணத்தைக் கொளுத்தலாமா? 1943-ல் ஒரு கல்லூரி மேடை

ஓசூர்ல இன்ஜினியரிங் படிச்ச நாலு வருஷமும் எங்க ஆடிட்டோரியத்துல நான் கேட்டதெல்லாம் பிளேஸ்மென்ட் பேச்சுதான். ஒரு எழுத்தாளர்கூட வந்ததில்ல. அதனாலதான் இந்தக் கதை மேல எனக்கு ஒரு பொறாமை.

1943 பிப்ரவரி 9, சென்னை சட்டக்கல்லூரி மண்டபம். கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்தணுமா? இதுதான் விவாதம். கொளுத்தணும்னு வாதாடியவர் 33 வயசு அண்ணா. கலை மேல கோபமில்ல, அது பரப்புற ஆரியக் கருத்து மேலதான் என்பது அவர் வாதம். மறுத்துப் பேசியவர் தமிழறிஞர் ரா.பி. சேதுப்பிள்ளை.

மார்ச் 14-ல விவாதம் சேலத்துக்கு வந்துச்சு. இந்த முறை அண்ணாவை எதிர்த்தவர் நாவலர் சோமசுந்தர பாரதியார். தலைமை, சேலம் கல்லூரி முதல்வர் இராமசாமிக் கவுண்டர். அப்போ ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டம்தான். ஆக, இது நம்ம மாவட்டக் கதையும்கூட!

இந்தப் பேச்சுகள் 'தீ பரவட்டும்'னு புத்தகமா வந்துச்சு. தலைப்பு அண்ணா பக்கம். ஆனா எதிர்த்தவங்க பேச்சும் அதே புத்தகத்துல இருக்கு. எனக்குப் பிடிச்சது அதுதான்.

1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் கம்பருக்குச் சிலை வைத்தார்கள். அப்போ முதலமைச்சர் யார் தெரியுமா? அண்ணா!

உங்க காலேஜ் மேடையில கடைசியா எப்போ ரெண்டு பக்கமும் பேசக் கேட்டீங்க?